இரண்டாவது எண்ணெய்

என் அக்காவுக்கு வண்டி ஓட்ட வராது என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முதல் ஆளாக அக்காவே சொல்வாள். வீட்டுக்கு நாலு பேர் வந்துவிட்டால் போதும், வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டி, "இது ஸ்கூட்டர் குடுத்த பரிசு. முறுக்குற மாதிரி எதையும் என் கையில குடுத்துடாதீங்க, தண்ணிக் குழாயைக்கூட உடைச்சிடுவேன்" என்று ஆரம்பித்துவிடுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். ஏழு வருடம் அப்படிச் சிரித்தேன். அக்காவுக்கு வண்டி ஓட்ட வராது என்பது பொய். அந்தப் பொய்யைக் கட்டியவன் நான்.

அக்கா யாரென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் நர்ஸ். ஆள் நாலே முக்கால் அடி, குரல் மட்டும் ஆறடி. பெரிய ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் வேலை பார்த்தாள். நோயாளியின் முகத்தைவிட ரிஜிஸ்டரைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று ஒருநாள் கோபித்துக்கொண்டு வேலையை விட்டாள். அப்புறம் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். ஊசி போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள், படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிவிட்டு முதுகு துடைப்பாள். புண்ணோடு பேசுகிற பழக்கம் அவளுக்கு. "என்ன, நேத்தைக்கு இன்னிக்கு கொஞ்சம் அடங்கியிருக்கே? இப்படியே இருக்கணும்" என்று அதட்டுவாள். புண்ணுக்குச் சொந்தக்காரர் வலியை மறந்து சிரித்துவிடுவார்.

பஸ் பாதி, நடை பாதி என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு முடித்தாலே பெரிது. பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து இன்னும் ஐந்து வீட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். காலில் ஆறாத சர்க்கரைப் புண். ஊரெல்லாம் நடந்த கால் இப்போது கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது என்று போனில் சொல்வாராம். அந்த ஐந்து வீட்டுக்காகத்தான் அக்கா வண்டி வாங்க நினைத்தாள்.

அத்தானுக்கு அதில் இஷ்டமில்லை. அவர் கெட்டவர் இல்லை, பயந்த சுபாவம். எதிரே சைக்கிள் வந்தால்கூட ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிடுகிற மனிதர். "வேண்டாமே" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்ல அக்கா இடம் கொடுக்கவில்லை.

கடை கடையாக ஏறி இறங்கினோம். எந்த ஸ்கூட்டரில் உட்கார்ந்தாலும் அக்காவின் கால் தரையில் படவில்லை. கடைசியில் வெளிநாட்டு வண்டிகளை இறக்குமதி செய்து விற்கிற ஒரு கிடங்கில் ஒன்று அமைந்தது. சின்னச் சக்கரம், தாழ்ந்த சீட், தூக்கி நிறுத்தப் பெரிய பலம் வேண்டாம். அக்கா உட்கார்ந்ததும் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். கிடங்குக்காரர் இரண்டு விலை சொன்னார். அவர்கள் ஆளே பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஓட்டிப் பார்த்துக் கொடுத்தால் ஒரு விலை. பிரிக்காத பெட்டியாக எடுத்துப் போனால் குறைந்த விலை.

"பெட்டியா எடுத்துட்டுப் போனா எங்க பொறுப்பு கிடையாதுங்க. எங்க ஆள் தயார் பண்ணிக் குடுத்தா நல்லது" என்றார்.

"நாலு நட்டு முடுக்க உங்க ஆள் எதுக்குங்க? நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன் நான்.

நான் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். மின்விசிறி, தண்ணீர் பம்ப், அரவை இயந்திரம் எல்லாம் என் கடைக்கு வரும். எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன் என்று தெருவில் எனக்கு ஒரு பேர் உண்டு. மோட்டார் என்றால் மோட்டார்தானே, அதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர். அக்கா கிடங்குக்காரரைப் பார்த்து, "என் தம்பி இருக்கான்ல, அவன் பார்த்துக்குவான்" என்றாள். பெருமையாகச் சொன்னாள். இன்றைக்கும் அந்தக் குரல் காதில் விழுந்தால் எனக்குச் சோறு இறங்காது.

பெட்டியை என் கடை வாசலில் பிரித்தோம். இரும்புச் சட்டம், அட்டை, உள்ளே பிளாஸ்டிக் உறையில் வண்டி. முன் சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, கண்ணாடிகள் தனி, பேட்டரி தனி. ஒன்று சொல்கிறேன், நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. இந்த மாதிரி வண்டிகளில் நட்டுகளை ஒப்புக்குத்தான் முடுக்கி அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதனால் ஒவ்வொன்றையும் கழற்றி, மறை கழலாமலிருக்கப் பசை தடவி, மறுபடி முடுக்கினேன். பெட்ரோல் போகிற ரப்பர் குழாய் விறைத்துப்போயிருந்தது, நல்லதாக வேறு வாங்கி மாற்றினேன். பேட்டரியை ஒரு பகல் முழுக்கச் சார்ஜில் போட்டேன். பிரேக் கம்பியை அக்காவின் சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி திருகி வைத்தேன்.

கையேடு ஒன்று வந்திருந்தது. எங்கள் யாருக்கும் தெரியாத மொழி. படங்களை வைத்துத்தான் வேலை. ஒரு பக்கத்தில் எண்ணெய் டப்பா இரண்டு வரைந்திருந்தது, ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. அக்கா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இது என்னடா, இன்னொண்ணு சின்னதா இருக்கு?" என்று விரலை வைத்துக் கேட்டாள்.

"அதே டப்பாதான்க்கா. தூரத்துல இருக்கிற மாதிரி வரைஞ்சிருக்கான்."

வாய் கூசாமல் சொன்னேன். அக்கா நம்பினாள். பின் சக்கரத்தில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது. சோதனை முடிந்தது என்று ஒட்டுகிற சீட்டாக்கும் என்று நினைத்து, நூலைக் கத்தரித்துக் குப்பையில் போட்டேன். எஞ்சினுக்கு முதல் தரமான எண்ணெய் ஊற்றினேன். வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. தெருவே கை தட்டியது.

அந்தச் சின்ன டப்பா தூரத்தில் இல்லை. அது வேறு எண்ணெய். அந்த வகை ஸ்கூட்டரில் பின் சக்கரத்தை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் பல்சக்கரங்கள். அதற்கென்று தனியாக அரை டம்ளர் எண்ணெய். கப்பலில் ஏற்றும்போது அதைக் காலியாகத்தான் அனுப்புவார்கள், ஊற்றாமல் ஓட்டாதே என்றுதான் சிவப்புச் சீட்டு. தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்கலாம் என்று தோன்றவும் இல்லை.

அக்கா நாலே நாளில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பழைய லாரி நிறுத்துமிடத்தில் காலையில் கற்றுக்கொடுத்தேன். திருப்பத்தில் உடம்பைச் சாய்ப்பதும், பள்ளத்தைக் கண்டால் முன்கூட்டியே வேகத்தைக் குறைப்பதும் அவளுக்குத் தானாக வந்தன. புண்ணோடு பேசுகிறவள் வண்டியோடு பேசாமல் இருப்பாளா? "மெதுவா, மெதுவா, உனக்கு என்ன அவசரம்" என்று ஹெல்மெட்டுக்குள் ஓயாத பேச்சு. புது வண்டியை முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு நாற்பதுக்கு மேல் விரட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவள் பையிலிருந்து ஒட்டுப் பிளாஸ்திரியை எடுத்து, நாற்பதுக்கு மேலே உள்ள எண்களை மூடி ஒட்டிவிட்டாள். "தெரிஞ்சாத்தானே ஆசை வரும்" என்றாள். ஐந்நூறு முடிந்த பிறகும் அதை உரிக்கவில்லை.

ஆறு வீடு பதினொன்று ஆனது. தபால்காரரின் புண் இரண்டு விரல் அகலம் சுருங்கியது என்று வந்து அளந்து காட்டுவாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது அவள் முகத்தில் களைப்பே இருக்காது. நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய், காற்றுப் பார்த்து, பிளக் துடைத்து, எஞ்சின் எண்ணெயை அளவுக்கோல் விட்டுப் பார்த்து, மெழுகு போட்டுத் துடைத்து வைப்பேன். ஒரு பக்கம் பட்டினி போட்டுவிட்டு இன்னொரு பக்கம் அலங்காரம் செய்துகொண்டிருந்தேன்.

ஆறாவது வாரம் அக்கா சொன்னாள், "பின்னாடி மணல் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் வருதுடா."

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இருந்தது. என்ன சத்தம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "நீ சட்டுனு முறுக்குறே, அதான். பதமா முறுக்கு" என்றேன். அடுத்த நாளிலிருந்து அவள் முப்பதிலேயே போனாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாலத்தின் இறக்கத்தில் பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டி இழுத்துக்கொண்டு போய்ச் சாய்ந்தது. பின்னால் வந்த லாரி நாலு முழம் தள்ளி நின்றது. அக்காவின் வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. பையிலிருந்த கட்டுத் துணிகள் எல்லாம் பிரிந்து ரோடு முழுக்க உருண்டு ஓடினவாம். ஓடி வந்தவர்களிடம், முறிந்த கைக்கு அட்டையை எப்படி வைத்து எப்படிக் கட்ட வேண்டும் என்று கீழே கிடந்தபடியே அதட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வண்டியைச் சரக்கு வேனில் ஏற்றி என் கடைக்குக் கொண்டுவந்தேன். நண்பகல். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன போல்ட். அதைக் கழற்றினேன். ஒரு சொட்டுக்கூட வரவில்லை. கம்பியை உள்ளே விட்டு எடுத்தேன், காய்ந்த கம்பியாகவே வந்தது. தீய்ந்த வாடை மட்டும் வந்தது. அப்போதுதான் அந்தச் சின்ன டப்பா என் கண்ணில் வந்து நின்றது.

அந்த நிமிஷம் ஆஸ்பத்திரிக்கு ஓடி அக்காவின் காலில் விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு கடை தள்ளிப் போய் அரை டம்ளர் எண்ணெய் வாங்கிவந்து அதில் ஊற்றினேன். போல்ட்டை முடுக்கி, சுற்றிலும் துடைத்தேன். நாற்பதுக்கு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கண்ணில் பட்டது. அதையும் உரித்து எறிந்தேன். அப்புறம்தான் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். நான் மறைத்தேன். சோறு நிறைய இருந்தால் முடியும்.

மெக்கானிக் வயதான மனிதர், அதிகம் பேச மாட்டார். அத்தானும் வந்து நின்றார். பெட்டியைத் திறந்ததும் பொன் நிறத்தில் எண்ணெய் வழிந்தது. உள்ளே பல்சக்கரங்கள் நீலம் பாய்ந்து, பல் உதிர்ந்து கிடந்தன. மெக்கானிக் எண்ணெயை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"எண்ணெய் இன்னிக்குத்தான் பொறந்த மாதிரி இருக்கே" என்றார்.

"நான் வாராவாரம் பராமரிக்கிறேன்ல" என்றேன்.

"அப்ப ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டார் அத்தான். பாவம், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

மெக்கானிக் பதில் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லட்டும் என்று இடம் விட்டார். அந்த இடத்தை நான் இப்படி நிரப்பினேன்: "அக்கா கொஞ்சம் அதிகமா முறுக்குவா."

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்றிலிருந்து தெருவில் எதிரே வந்தாலும் என்னிடம் பேசியதில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அத்தான் போய் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். நான் போனபோது மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சிடுடா. எவ்வளவு பாடுபட்டுப் பூட்டின. ரெண்டே மாசத்துல நாசம் பண்ணிட்டேன்" என்றாள்.

"பரவாயில்லக்கா" என்றேன். ஆம், மன்னித்தேன்.

கை ஆறியது. அக்கா மறுபடி வண்டி தொடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பஸ் மாறிச் சில மாதம் போனாள், முடியவில்லை. ஒரு கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. அவள் குரலுக்கு மைக் தேவையில்லை என்று அங்கே கேலி செய்வார்களாம். இரண்டாவது வருடம், தபால்காரரின் காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அப்போது நான் அவள் வீட்டு மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு ஏணி மேல் நின்றிருந்தேன். "நான் மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா" என்று ஆரம்பித்தவள், முடிக்காமல் உள்ளே போய்விட்டாள். ஏணியிலிருந்து இறங்க எனக்குக் கால் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா. குறுகுறுத்தால் பரவாயில்லையே, எனக்கு அது அழுகிக்கொண்டிருந்தது.

பரிகாரமாக அவள் வீட்டில் எது ரிப்பேர் ஆனாலும் ஓடினேன். பம்ப், குழாய், இஸ்திரிப் பெட்டி, எல்லாம் என் கை. "தம்பின்னா இவன்தான் தம்பி" என்று பக்கத்து வீடுகளில் சொல்லிக்கொள்வாள். ஒவ்வொரு தடவையும் அது என்னைச் செருப்பால் அடித்த மாதிரி இருக்கும். அடுத்த ரிப்பேருக்கும் ஓடுவேன்.

இந்த வருடம் அக்கா மகளுக்கு வேலை கிடைத்தது, குடிநீரைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில். ஊரின் கடைசி எல்லையைத் தாண்டி, பஸ் எட்டாத இடம். சொந்தமாக வண்டி இருந்தால்தான் வேலை. மாதக் கடைசிக்குள் சொல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அக்கா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "என் ரத்தம்தானே அவளும். என்னை மாதிரியேதான் முறுக்குவா. போதும், இந்த வீட்ல ஒருத்தி விழுந்தது" என்றாள்.

பெண் என் கடைக்கு வந்தாள். "மாமா, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க. நீங்க மட்டும் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றாள். அவள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அக்காவின் வேலையை ஒரு தடவை கெடுத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகளின் வேலையையும் கெடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அக்கா கிளினிக் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பெண், சிநேகிதியிடம் கேட்டு ஒரு ஸ்கூட்டரைக் கொண்டுவந்து கீழே நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீ விழுந்தது உன்னால இல்ல" என்றேன்.

"அவளுக்காக சமாதானம் பேச வந்தியா?"

"இல்லக்கா. ரெண்டு எண்ணெய் ஊத்தணும். நான் ஒண்ணுதான் ஊத்தினேன். அந்தச் சின்ன டப்பா, நீ கேட்டியே, அது வேற எண்ணெய். பின் சக்கரப் பெட்டி காஞ்சுபோய்ப் பிடிச்சிக்கிச்சு."

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எண்ணெய் இருந்துச்சுன்னு இவர் சொன்னாரே. மெக்கானிக் பிரிச்சப்ப இவர் பார்த்தாரே."

"அது நான் ஊத்தினது. உனக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கிட்டிருந்த நேரத்துல."

அத்தான் பேப்பரை மடித்தார். அக்கா குனிந்து ஸ்விட்சை அணைத்தாள். திரும்பியபோது அவள் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"அப்ப நான் நல்லாத்தான் ஓட்டியிருக்கேன்?"

"ரொம்ப நல்லா ஓட்டினக்கா."

"நாற்பதைத் தாண்டவே இல்லடா நான். பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?" என்றாள். எண்ணெய் ஊற்றியதைச் சொன்னபோது மாறாத முகம் அந்த ஒரு சொல்லில் மாறியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா மகளிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு விறுவிறு என்று படி இறங்கினாள். நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே ஓடினோம். ஞாயிறு என்பதால் தெரு காலியாக இருந்தது. அக்கா ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருகினாள். கையை முறுக்கப் போனவள் அப்படியே நின்றாள். ஒரு மூச்சு விட்டாள். வண்டி நகர்ந்தது. இரண்டு காலையும் கீழே விட்டு, செருப்பு தரையில் உரச உரச, நடக்கிறவனைவிட மெதுவாகப் போனாள். மூலையில் ஒரு கார் லேசாக ஹாரன் அடித்தது. அக்கா பிரேக்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குதித்து இறங்கிவிட்டாள். மறுபடி ஏறினாள். மறுபடியும் நாலு வீடு தூரம்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உன்னை நாலு அறை அறைஞ்சிருப்பேன்" என்றாள் என்னிடம். அந்த ஆறடிக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "அறைஞ்சிட்டு, கட்டுப் பிரிச்ச மறுநாளே வண்டியை எடுத்திருப்பேன். இப்ப பார்த்தியா? இத்தனை வருஷம் என் வாயாலயே சொல்லிச் சொல்லி, இப்ப நிஜமாவே எனக்கு ஓட்ட வரலடா."

சாவியை மகளின் கையில் வைத்தாள். "நீ வாங்கிக்க. தைரியமா ஓட்டு. கடைக்காரனே பூட்டிக் குடுக்கட்டும். உன் வண்டியை உங்க மாமா தொடக் கூடாது."

அத்தான் அவள் தோளைத் தொட்டார். இரண்டு பேரும் படியேறினார்கள். அறைவாள் என்றுதான் நான் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.